செய்திக்குத் தடை, உரையாடலுக்கு இடம்: சமுதாய வானொலியில் குடிமை வாழ்வும் தன்னார்வ நிறுவனங்களும்

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவில் சமுதாய வானொலி நிலையங்கள் தாமே செய்தி தயாரித்து ஒலிபரப்ப இசைவு இல்லை. ஆயினும் குடிநீர், மின்சாரம், கிராம சபை, ஊர் விழா, தன்னார்வ நிறுவனங்களின் பணி முதலிய குடிமை வாழ்வின் பொருள்கள் அவற்றில் தொடர்ந்து பேசப்படுகின்றன. செய்தி என்னும் வடிவம் மூடப்பட்ட நிலையில் உரையாடல் என்னும் வடிவம் அப்பணியை ஏற்றுள்ளது. அவ்வுரையாடலின் பயன், கேட்பவர் மறுமொழி கூறுவதற்கு அதில் உள்ள இடத்தைப் பொறுத்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தொல்காப்பியச் செய்யுளியல் சுட்டும் கூற்று, கேட்போர் ஆகிய உறுப்புகளை அளவுகோலாகக் கொண்டு அறிவிப்பு, நேர்காணல், நேயர் குரல், கலந்துரையாடல் ஆகிய நான்கு வடிவங்கள் இங்கு ஆராயப்படுகின்றன. உரிமம் பெற்ற தன்னார்வ நிறுவனமே பேசுபொருளாகவும் அமையும்போது எழும் சிக்கலும் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சமுதாய வானொலி, குடிமை வாழ்வு, தன்னார்வ நிறுவனம், கூற்று, கேட்போர், கிராம சபை.

1. முன்னுரை

வானொலியை அரசு வானொலி, தனியார் பண்பலை வானொலி, சமுதாய வானொலி என மூவகையாகப் பகுப்பது வழக்கம். மூன்றாவது வகை, ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பில் வாழும் மக்களுக்காக, அம்மக்களின் பங்கேற்போடு, இலாப நோக்கமின்றி நடத்தப்படுவது. இந்திய விதிகளின்படி இதன் ஒலிபரப்பு ஆற்றல் பொதுவாக 100 வாட்டுக்கு மிகாது. எனவே ஒரு நிலையத்தின் குரல் ஏறத்தாழ 10 முதல் 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அடங்கிவிடும். இக்குறுகிய எல்லையே இதன் இயல்பைத் தீர்மானிக்கிறது. பேசுபவரும் கேட்பவரும் ஒரே சந்தைக்குச் செல்பவர்கள். ஒரே ஊராட்சி அலுவலகத்தில் மனுக் கொடுப்பவர்கள்.

தமிழில் இவ்வானொலியைக் குறிக்கச் ‘சமுதாய வானொலி’, ‘சமூக வானொலி’ என்னும் இரு தொடர்களும் வழங்குகின்றன. ‘சமுதாயம்’ என்னும் சொல் பேச்சு வழக்கில் சாதியைச் சுட்டவும் ஆளப்படுவதால், ‘யாருடைய சமுதாயம்?’ என்னும் வினா பெயரிலேயே ஒட்டிக்கொண்டுள்ளது. ஓர் ஊரின் வானொலி அவ்வூரின் எல்லாத் தெருக்களுக்கும் உரியதா என்பது, ஒலிபரப்பு எல்லையைக் காட்டும் வரைபடத்தால் விளங்குவதில்லை. அதில் யார் பேசுகின்றனர், யார் மறுத்துப் பேச இயல்கிறது என்பதைக் கொண்டே அதனை அறியமுடியும்.

2. அறைதலும் வாதித்தலும்

ஊர் நிகழ்வுகளைக் குரல்வழி அறிவிக்கும் மரபு தமிழில் தொன்மையானது. மணிமேகலையின் முதற்காதையாகிய விழாவறை காதை, பெயருக்கேற்ப ஒரு நிகழ்ச்சி அறிவிப்பாகவே அமைந்துள்ளது. புகார் நகரில் இந்திர விழா தொடங்கவிருப்பதை, வச்சிரக் கோட்டத்து முரசினை யானையின் பிடரியில் ஏற்றி, முதுகுடியில் பிறந்த ஒருவன் அறிவிக்கிறான். அவ்வறிவிப்பு விழா நடைபெறும் செய்தியோடு நின்றுவிடவில்லை. வீதிகளில் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புமாறும், வீதிகளையும் மன்றங்களையும் அணிசெய்யுமாறும் நகரமக்களுக்குக் கடமைகள் கூறப்படுகின்றன. பகைவருடன் நேர்ந்தாலும் பூசல் விளைக்காது விலகுமாறு அறிவுரை கூறப்படுகிறது. வாதம் புரிய வல்லோர் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுமாறு அழைப்பும் விடுக்கப்படுகிறது. நிகழ்ச்சித் தகவல், குடிமைக் கடமை, கருத்துப்போருக்கான களம் ஆகிய மூன்றும் ஒரே அறிவிப்பில் இணைந்திருப்பது கருதத்தக்கது.

பிற்காலத்தில் ஊர்களில் நிலைபெற்ற தண்டோரா இம்மூன்றில் முதலிரண்டை மட்டும் தக்கவைத்துக்கொண்டது எனலாம். வரி கட்டவேண்டிய நாள், ஏரி மதகு திறக்கும் நாள், ஊர்க்கூட்டம் கூடும் இடம் ஆகியவை தெருமுனைகளில் அறையப்பட்டன. அறைபவரிடம் கேட்பவர் வினவுவதற்கு வழியில்லை. அறையும் பணியும் குறிப்பிட்ட மக்கள்மீதே சுமத்தப்பட்டிருந்தது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர், இவ்வழக்கத்தை நிறுத்தி ஒலிபெருக்கி முதலிய வழிகளைக் கையாளுமாறு மாவட்ட ஆட்சியர்களை அறிவுறுத்தினார். அறைபவரின் இழிவு நீங்குவதற்கு இது இன்றியமையாத நடவடிக்கை. ஆனால் கருவி மாறினாலும் ஒருவழித் தன்மை மாறுவதில்லை.

தமிழ்நாட்டில் வானொலியின் தொடக்கமே குடிமை அமைப்புகளோடு தொடர்புடையது. 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் என்னும் தன்னார்வக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமின்மையால் 1927இல் அது நின்றபின், அதன் கருவி சென்னை மாநகராட்சியிடம் சேர்ந்தது. 1930 ஏப்ரல் முதல் மாநகராட்சி முறையான ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும்வரை, ஒரு நகராட்சி அமைப்பே தமிழகத்தின் வானொலிப் பணியை ஆற்றியது. ஆகவே உள்ளூர்க் கழகமும் உள்ளாட்சியும் வானொலி நடத்துவது தமிழகத்திற்குப் புதிதன்று. எட்டு ஆண்டுகள் நடைமுறையில் இருந்து, பின் மறைந்த ஒன்று அது.

அரசு வானொலியிலும் உரையாடல் வடிவம் இடம்பெற்றது. 1956இல் புனே பகுதியில் ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பின் துணையோடு நடந்த ஊரக வானொலி மன்றச் சோதனையில், ஊர்மக்கள் கூடி நிகழ்ச்சியைக் கேட்டு, விவாதித்து, ஐயங்களை நிலையத்திற்கு அனுப்பினர். 1966 முதல் திருச்சி நிலையத்தில் வேளாண் நிகழ்ச்சிகளுக்கெனத் தனிப்பிரிவு இயங்கியது. தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்னும் நெல் வகை மக்கள் வழக்கில் ‘ரேடியோ நெல்’ என்று பெயர் பெற்றது, கேட்போர் வானொலியைத் தம் வயலோடு இணைத்துக்கொண்டதற்குச் சான்று.

3. சட்டப் பின்புலம்

1995 பிப்ரவரியில் வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச்சொத்து எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை அடியொற்றி 1996இல் பெங்களூர்ப் பிரகடனமும் 2000இல் பஸ்தாப்பூர்ப் பிரகடனமும் சமுதாய வானொலிக்கு இசைவு கோரின. அனுமதி கிடைக்கும்வரை மக்கள் அமைப்புகள் மாற்றுவழிகளைத் தேடின. கர்நாடகத்தின் பூதிகோட்டையில் ‘நம்ம த்வனி’ என்னும் முயற்சி, அலைவரிசைக்கு இசைவு இல்லாத நிலையில் கேபிள்வழி வீடுகளுக்கு நிகழ்ச்சிகளைக் கொண்டுசென்றது.

2002இல் வெளியான கொள்கை கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது. அதன்படி 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட அண்ணா எஃப்.எம். இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியாகும். 2006ஆம் ஆண்டுக் கொள்கையே பதிவுபெற்ற தன்னார்வ நிறுவனங்களுக்கும் வாய்ப்பளித்தது. விண்ணப்பிக்கும் நிறுவனம் குறைந்தது மூன்றாண்டுகள் அப்பகுதியில் பணியாற்றியிருத்தல் வேண்டும். அரசியல் கட்சிகளும் அவற்றின் துணையமைப்புகளும் தனிநபர்களும் விண்ணப்பிக்க இயலாது. நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாதல் வேண்டும். உள்ளூர் மொழியும் வட்டார வழக்கும் முதன்மை பெறுதல் வேண்டும் என்பன அதன் கூறுகள்.

இக்கொள்கையின் பயனாக 2008 அக்டோபர் 15 அன்று பஸ்தாப்பூரில் (இன்றைய தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டம்) சங்கம் ரேடியோ தொடங்கியது. தக்காண வளர்ச்சிச் சங்கத்தோடு இணைந்த தலித் பெண்களே அதனை நடத்துகின்றனர். தமிழகக் கடற்கரையில் நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் வானொலி பேரிடர் ஆயத்தத்தை மையப்பொருளாகக் கொண்டது. 2016இல் பாம்பனில் தொடங்கப்பட்ட கடல் ஓசை மீனவர் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. 2024 பிப்ரவரியில், சமுதாய வானொலியின் இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி, திருத்தப்பட்ட நெறிமுறைகள் வெளியிடப்பட்டன. அப்போது நாடெங்கும் 480க்கும் மேற்பட்ட நிலையங்கள் இயங்கின.

4. செய்தி எது, தகவல் எது

மேற்கண்ட தாராளத்திற்கு நடுவே ஒரு தடை தொடக்கம் முதல் நீடிக்கிறது. சமுதாய வானொலி தானே செய்தியோ நடப்பு அரசியல் நிகழ்ச்சியோ தயாரித்து ஒலிபரப்பக்கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி மறு ஒலிபரப்புச் செய்யலாம். விளையாட்டு, போக்குவரத்து, வானிலை, பண்பாட்டு நிகழ்ச்சிகளும் திருவிழாக்களும், தேர்வு, வேலைவாய்ப்பு ஆகியவை பற்றிய தகவல்கள் செய்தியாகக் கருதப்படுவதில்லை. மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர், நலவாழ்வு எச்சரிக்கை பற்றிய பொது அறிவிப்புகளுக்கும் இடமுண்டு; ஆனால் அவை உள்ளாட்சி நிர்வாகம் தந்தவையாக இருத்தல் வேண்டும். இத்தடையை எதிர்த்து ‘காமன் காஸ்’ என்னும் தன்னார்வ நிறுவனம் 2013இல் உச்சநீதிமன்றத்தை அணுகியது.

இவ்வரையறையின் நுட்பம் ‘நிர்வாகம் தந்தவை’ என்னும் நிபந்தனையில் உள்ளது. குடிநீர் பற்றிய ஒரே உண்மை மூன்று வாக்கியங்களாக அமைவதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ‘குழாய்ப் பழுதின் காரணமாக நாளை வடக்குத் தெருவுக்குக் குடிநீர் வராது’ என்று ஊராட்சி அனுப்பும் குறிப்பை நிலையம் வாசிக்கலாம். ‘வடக்குத் தெருவுக்குப் பத்து நாளாகக் குடிநீர் வரவில்லை, ஊராட்சி நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று நிலையமே வாசித்தால் அது செய்தியாகும். ‘நான் பத்து நாளாக இரண்டு குடத்தோடு அடுத்த ஊர்க் கிணற்றுக்குப் போய்வருகிறேன்’ என்று அத்தெருவில் வாழும் பெண் தண்ணீர்ச் சேமிப்பு பற்றிய உரையாடலில் கூறினால் அது அனுபவப் பகிர்வாகும்.

இம்மூன்றையும் வேறுபடுத்துவது இலக்கணத்தில் ‘இடம்’ எனப்படும் கூறு. முதலிரண்டும் படர்க்கைக் கூற்று. மூன்றாவது தன்மைக் கூற்று. செய்தி தன் நம்பகத்தன்மையைப் படர்க்கையில் தேடுகிறது. உரையாடல் அதனைத் தன்மையிலும் முன்னிலையிலும் பெறுகிறது. படர்க்கையின் வாயில் அடைக்கப்பட்டபோது, குடிமைக் குறை தன்மைக் கூற்றாக ஒலிபரப்பில் இடம்பெறுகிறது. இதனைத் தந்திரம் எனக் கொள்வதைவிட, வடிவத்தின் இயல்பு எனக் கொள்வதே பொருந்தும்.

ஆனால் இதற்கொரு விலையுண்டு. தன்மைக் கூற்றில் குறை, ஒருவரின் துன்பமாகத் தோன்றும். எத்தனை தெருக்களில் அந்நிலை, எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது, பொறுப்பு யாருடையது என்னும் படர்க்கைக் கேள்விகள் விடுபட்டுப்போகும். பேசியவர் பெயரும் தெருவும் அனைவருக்கும் தெரிந்த சிற்றூரில், நிலையம் ஏற்கவேண்டிய துணிவின் சுமை அப்பெண்ணின் தோளுக்கு மாறுகிறது. செய்தித் தடையின் உண்மையான விளைவு இதுவே. நேபாளத்தில் 1997இல் தொடங்கிய ரேடியோ சகர்மாதா முதலிய நிலையங்கள் செய்தியையும் ஒலிபரப்பி வந்தன. 2005 பிப்ரவரியில் மன்னர் ஆட்சியைத் தம் கையில் எடுத்தபோது பண்பலை நிலையங்களின் செய்திக்குத் தடை விதிக்கப்பட்டது. சிறு நிலையங்களின் செய்தி அதிகாரத்திற்கு எத்துணை முதன்மையானதாகத் தோன்றியது என்பதை இது காட்டுகிறது.

5. உரையாடலின் நான்கு வடிவங்கள்

தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுள் உறுப்புகளாக எண்ணியவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவை அடங்கும். பேசுபவரோடு கேட்பவரையும் ஓர் உறுப்பாகக் கொண்டது இங்குக் கருதத்தக்கது. செய்யுளுக்குக் கூறிய இலக்கணத்தை வானொலிக்கு அப்படியே பொருத்துதல் முறையன்று. எனினும் ‘யார் கூற்று? கேட்போர் யார்? அவருக்குரிய இடம் யாது?’ என்னும் வினாக்களாக இவற்றைக் கொண்டால் வானொலி வடிவங்களைத் தெளிவாக வேறுபடுத்த இயலும்.

5.1 அறிவிப்பு

இரத்ததான முகாம், கண் சிகிச்சை முகாம், கோயில் திருவிழா, தேவாலயத் திருநாள், சந்தனக்கூடு, பள்ளி ஆண்டுவிழா, கிராம சபை முதலியவற்றின் நாளும் இடமும் அறிவிக்கப்படுதல் முதல் வடிவம். கூற்று நிலையத்தினுடையது அல்லது நிர்வாகத்தினுடையது. கேட்போர் பெறுபவர் மட்டுமே. இதன் பயன் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. நாளிதழ் வராத ஊரிலும் எழுத்தறியாதவருக்கும் இதுவே முதல் வாயில். ஆயினும் இவ்வடிவத்தோடு நின்றுவிடும் நிலையம் தண்டோராவின் தொடர்ச்சியாகவே அமையும்.

அறிவிப்பைச் சற்று விரித்தாலே அது குடிமைக் கல்வியாகிறது. தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1 ஆகிய நாள்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறுமுறை கூடுகிறது. ‘நாளை கிராம சபை’ என்பது அறிவிப்பு. அதில் வரவு செலவு அறிக்கையைக் கேட்கலாம், தீர்மானம் முன்மொழியலாம், தீர்மானப் பதிவேட்டில் எழுதப்பட்டதைப் படித்துக்காட்டுமாறு கோரலாம் என்று விளக்குவது உரையாடலின் தொடக்கம்.

5.2 நேர்காணல்

இரண்டாவது வடிவத்தில் தன்னார்வ நிறுவனத்தின் பொறுப்பாளரோ, அரசு அலுவலரோ, மருத்துவரோ நிலையத்திற்கு அழைக்கப்படுகிறார். கூற்று விருந்தினருடையது, நிலையத்தார் கேட்போரின் சார்பாக வினவுகிறார். இச்சார்பு உண்மையானதா என்பதே நேர்காணலின் தரத்தை அளக்கும் கோல். ‘உங்கள் பணிகளைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்னும் வினா விளம்பரத்திற்கே வழிவகுக்கும். கேட்போருக்குத் தேவையான வினாக்கள் வேறு. நிறுவனம் அறக்கட்டளையா, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான சங்கமா? உதவிக்குரியவர்கள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்? விண்ணப்பம் மறுக்கப்பட்டவர் யாரிடம் முறையிடுவது? கணக்கை ஊரார் எங்குப் பார்க்கலாம்? திட்டம் முடிந்தபின் தையல் எந்திரமோ குடிநீர்த் தொட்டியோ யார் பொறுப்பில் இருக்கும்? இவை பகைமையான வினாக்கள் அல்ல. நேர்மையாகப் பணியாற்றும் நிறுவனத்திற்கு இவை நற்சான்று பெறும் வாய்ப்பாகும்.

5.3 நேயர் குரல்

தொலைபேசி அழைப்பு, குரல்பதிவுச் செய்தி, தெருவில் சென்று பதிவுசெய்யும் கருத்து ஆகியவை மூன்றாவது வடிவம். இங்குக் கேட்போர் கூற்றுக்கு உரியவராகின்றனர். இலங்கையில் 1989இல் தொடங்கிய கொத்மலை சமுதாய வானொலி, 1999 முதல் இணையத்தை வானொலியோடு இணைத்தது. நேயர் அனுப்பும் வினாக்களுக்கு நிலையத்தார் இணையத்தில் விடை தேடி, துறையறிந்தவரின் விளக்கத்தோடு ஒலிபரப்பினர். நிகழ்ச்சியின் பொருளை நேயரின் வினாவே தீர்மானித்தது என்பதே அம்முறையின் சிறப்பு.

நேயர் குரலில் இருவகை வேறுபாடு நோக்கத்தக்கது. பாடல் விருப்பம், வாழ்த்து, பாராட்டு ஆகியவற்றுக்காக வரும் குரல் நிலையத்தை உறவாக்குகிறது. ‘நீங்கள் நேற்றுச் சொன்ன முகாமிற்குச் சென்றேன்; மருத்துவர் வரவில்லை’ என்று வரும் குரல் நிலையத்தைப் பொறுப்புள்ளதாக்குகிறது. இரண்டாவது குரலை ஒலிபரப்புவதா என்னும் முடிவில்தான் ஒரு நிலையத்தின் குடிமைத் தன்மை வெளிப்படும். அறிவித்த நிகழ்ச்சி முடிந்தபின் அதில் கலந்துகொண்டவர் பேசுவதற்குச் சில நிமிடங்கள் ஒதுக்கினால் அறிவிப்பும் மறுமொழியும் ஒரு வட்டமாக நிறைவுறும்.

5.4 கலந்துரையாடல்

நான்காவது வடிவத்தில் ஊராட்சி உறுப்பினர், மகளிர் சுயஉதவிக் குழுவினர், ஆசிரியர், உழவர், மீனவர் எனப் பலர் ஒருங்கு பேசுகின்றனர். கூற்றும் கேட்போரும் மாறிமாறி அமைகின்றனர். விழாவறை காதையின் அறிவிப்பு அழைப்பு விடுத்த பட்டிமண்டபத்தின் இடம் இதுவே. ஆனால் செய்தித் தடையோடு நேரடியாக உரசும் வடிவமும் இதுவே. நடப்புப் பூசலைத் தொட்டால் அது நடப்பு அரசியல் நிகழ்ச்சியாகக் கருதப்படலாம். ஆதலால் நிலையங்களுக்கு உகந்த வழி, குறிப்பிட்ட குறையைவிட அதனைத் தீர்க்கும் நடைமுறையை மையமாக்குவது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம், 30 நாளுக்குள் விடை பெறலாம், விடை வராவிடில் மேல்முறையீடு செய்யலாம் என்று அறிந்த நேயர், வானொலியில் சொல்லமுடியாத படர்க்கைக் கேள்வியை அலுவலகத்தில் எழுத்தில் கேட்கும் ஆற்றல் பெறுகிறார்.

6. உரிமையாளரே பேசுபொருளாகும்போது

தன்னார்வ நிறுவனம் சமுதாய வானொலியில் இரட்டை நிலை கொண்டது. உரிமம் அதன் பெயரில் உள்ளது. அதன் பணிகளே நிகழ்ச்சிகளின் பொருளாகவும் அமைகின்றன. நிறுவனம் நடத்தும் சிறுசேமிப்புக் குழு, பயிற்சி, முகாம் ஆகியவற்றை அதன் வானொலி பேசுவது இயல்பே. குழுப் பெண்களே நிகழ்ச்சி தயாரிப்பவர்களாகவும் அமைவதால் பங்கேற்பும் எளிதாகிறது. சங்கம் ரேடியோவில் விதைப் பாதுகாப்பும் சிறுதானியச் சாகுபடியும் பேசப்படுவது, அப்பெண்கள் தம் சங்கங்களின்வழி முன்பே ஆற்றிவந்த பணியின் நீட்சி. அங்கு நிறுவனமும் பேசுபவரும் வயலும் ஒன்றாக இணைந்துள்ளன.

சிக்கல் எழுவது, நிறுவனத்தின் குழுக்களில் சேராதவரும் அதே ஒலிபரப்பு எல்லைக்குள் வாழும்போது. அவர்களுக்கு வானொலி ஒரு நிறுவனத்தின் குரலாகவே ஒலிக்கும். ஊரில் பணியாற்றும் பிற நிறுவனங்கள், சங்கங்கள், நூலக வாசகர் வட்டம், இளைஞர் மன்றம் ஆகியவற்றுக்கு நேரம் கிடைக்கிறதா என்பது முதல் வினா. உரிமையாளர் நிறுவனத்தின் திட்டத்தில் குறை கண்டவர் அதே ஒலிவாங்கியில் பேச இயலுமா என்பது இரண்டாவது வினா. நிலையத்தின் நிர்வாக அமைப்பு அது பணியாற்றும் சமுதாயத்தைப் பிரதிபலித்தல் வேண்டும் என 2006ஆம் ஆண்டுக் கொள்கை கூறுகிறது. ஆலோசனை மற்றும் நிகழ்ச்சிக் குழுவில் குறைந்தது பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும் என 2024ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. இக்குழுவின் கூட்ட முடிவுகளை நிலையத்திலேயே வாசித்தல், இரண்டு வினாக்களுக்கும் தொடக்க விடையாக அமையும்.

பொருளாதாரமும் இதனோடு பிணைந்தது. விளம்பர நேரம் 2006இல் மணிக்கு 5 நிமிடமாக இருந்தது. 2024 நெறிமுறை அதனை 7இலிருந்து 12 நிமிடமாக உயர்த்தியது. அரசு விளம்பரக் கட்டணம் 10 நொடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக உயர்ந்தது. பன்னிரண்டு நிமிடமும் இக்கட்டணத்தில் நிரம்பினாலும் ஒரு மணி நேர வருவாய் 5,328 ரூபாயே. சிற்றூரில் விளம்பரம் அந்த அளவுக்கு நிரம்புவது அரிது. ஆதலால் திட்டநிதி தரும் நிறுவனமோ துறையோ நிகழ்ச்சித் தொடருக்குச் செலவை ஏற்கும்போது, பேசுபொருளும் அதனோடு வந்துசேர்கிறது. ஒரு தொடர் யாருடைய நிதியால் உருவாகிறது என்பதைத் தொடக்கத்தில் அறிவிப்பது, கேட்போருக்குச் செய்யும் குறைந்த அளவு நேர்மையாகும்.

7. கேட்போர் மொழி

நிர்வாகம் தரும் குறிப்பும் நிறுவனத்தின் அறிக்கையும் பெரும்பாலும் அலுவலக மொழியில் அமைந்தவை. அவற்றை ஊர்மொழிக்கு மாற்றுவது சமுதாய வானொலியின் தனிப்பணி. வானிலைக் குறிப்பில் திசையும் கிலோமீட்டர் வேகமும் இடம்பெறும். கடற்கரையில் காற்றுக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனப் பெயர்கள் உள்ளன. எக்காற்றில் எத்தொழில் செய்யலாம் என்னும் அறிவு அப்பெயர்களுக்குள் பொதிந்துள்ளது. ‘வடகிழக்குத் திசையிலிருந்து பலத்த காற்று’ என்பதை வாடைக்கும் கொண்டலுக்கும் இடைப்பட்டதாக விளக்கும்போதே எச்சரிக்கை முழுப்பொருள் பெறுகிறது.

வட்டார வழக்குக்கு வேறொரு பயனும் உண்டு. செந்தமிழ் நடையில் பேசவேண்டும் என்னும் அச்சத்தால் ஒலிவாங்கியை விட்டு விலகிநிற்பவர், தம் பேச்சிலேயே பேசலாம் என்னும்போது கூற்றுக்கு உரியவராகிறார். எனினும் ஓர் ஊரில் வழங்கும் பேச்சும் ஒன்றன்று. தெருவுக்குத் தெரு வேறுபடும். எத்தெருவின் பேச்சு நிலையத்தின் பேச்சாகிறது என்பது, முன்னுரையில் சுட்டிய ‘யாருடைய சமுதாயம்?’ என்னும் வினாவின் மற்றொரு வடிவமே.

8. முடிவுரை

சமுதாய வானொலியின் குடிமைப் பயனை அதன் நிகழ்ச்சித் தலைப்புகளால் மட்டும் அளக்க இயலாது. கூற்றும் கேட்போரும் இடம் மாறுவதற்கு அதில் உள்ள வாய்ப்பே தக்க அளவுகோல் என்பதை இவ்வாய்வு காட்டுகிறது. செய்தித் தடை உரையாடலை வளர்த்துள்ளது. அதேவேளையில் குறையைச் சொல்லும் சுமையைத் தனிமனிதர்மீது ஏற்றியும் உள்ளது. உள்ளாட்சிப் பொருள்களில் சரிபார்க்கப்பட்ட உள்ளூர்ச் செய்திக்காவது இசைவு அளித்தால் அச்சுமையை நிலையம் ஏற்க இயலும்.

ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாத்தல் வேண்டும் என்பது விதி. அதன்பின் பெரும்பாலான பதிவுகளுக்கு நிலையான இடமில்லை. ஓர் ஊர் தன் குடிநீரையும் கிராம சபையையும் திருவிழாவையும் தன் குரலில் பேசிய சான்றுகள், சேமிப்புக் கருவியில் இடம் தேவைப்படும் நாளில் அழிக்கப்படுகின்றன. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் மாவட்ட நூலகங்களும் அருகிலுள்ள நிலையங்களோடு உடன்பாடு செய்துகொண்டு, பேசியவரின் இசைவோடு இப்பதிவுகளைப் பாதுகாத்தல் இயலக்கூடிய செயலே. வட்டார வழக்கியல், நாட்டார் வழக்காற்றியல், உள்ளாட்சி வரலாறு ஆகிய துறைகளுக்கு அவை முதன்மைச் சான்றுகளாக அமையும். பத்து நாள் குடம் சுமந்தவரின் கூற்று, மூன்று மாதம் கழித்தும் அவ்வூரார் கேட்கும் நிலையில் இருத்தல் வேண்டும்.